நான் மாற்றிச் சொன்ன வரி

15 நவம்பர் 2009, ஞாயிறு

ஆபிரிக்கத் திரைப்பட விழாவின் கடைசிப் படத்தை இன்று வாகரைக்குக் கொண்டுபோனோம். மீனவர் சங்கக் கட்டடத்தில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினோம். படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஓடும் வசனங்களை ஒலிவாங்கியில் தமிழில் சொல்வது என் வேலை.

திரையில் செனகல் நாட்டுக் கரை.

"அவங்கட கடலும் நம்மட கடல் போலதான் கிடக்கு. வள்ளம்தான் நல்ல வடிவு," என்றார் பின்னாலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இது உண்மையிலேயே ஒரு விழாதான் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு படத்தில் ஒருவன் ஒரு தாயிடம் வந்து, "உன் மகன் இறந்துவிட்டான்" என்றான். முன் வரிசையில் எனக்கு முன்பே தெரிந்த மணி மாமி இருந்தார். அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டுபோய் மூன்று வருடம்; இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கொண்டுபோனது யார் என்று இந்த நாட்குறிப்பிலும் எழுதப்போவதில்லை. அந்த வரியை என் குரலில் அவர் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. "உன் மகனைப் பற்றி இன்னும் தகவல் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

திரையில் அந்தத் தாய் மணலில் விழுந்து கதறினாள்.

படம் முடிந்ததும் மாமி என்னிடம் வந்தார்.

"மனே, அந்தத் தாயிட்ட அவன் வேற என்னமோதானே சொன்னவன்?"

"இல்ல மாமி."

"தகவல் இல்லாத தாய் அப்பிடி அழமாட்டா. அழ ஏலாது." கொஞ்சம் நின்றார். "அவ குடுத்துவச்சவ, மனே."

நான் குனிந்து வயரைச் சுருட்டினேன்.

வரும் வழியெல்லாம் அந்த வரியைச் சரியாகச் சொல்லப் பார்த்தேன். இப்போதும் வாய் வரவில்லை.