ஒருவரும் வராத வீட்டுத் துவக்கு

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று தங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். படிக்கட்டு முழுவதும் அந்த மணம். மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த நான், கையைக் கழுவாமலே போய்க் கதவைத் திறந்தேன். உங்கள் கதவில் வேறு பெயர் இருந்தது. திரும்பி வந்து மிச்சச் சோற்றைத் தீத்தினேன்.

அழவில்லை. மாசியில் நீங்கள் போன நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது.

டேனிஷில் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கே எல்லாரும் அப்படித்தான். தமிழில் எழுதும்போது, அப்பாவின் வயதுள்ள ஒருவரின் பெயரை எழுதக் கை வரவில்லை. ஆகவே ‘நீங்கள்’ என்று மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் டென்மார்க்கில் வைலே நகருக்கு வந்த முதல் இலையுதிர்காலம். ஒரு ஞாயிறு காலையில் குசினி யன்னலால் பார்த்தேன். பச்சைச் சீருடை போட்ட ஒருவர், முதுகில் நீளத் துவக்குடன், சைக்கிளில் எங்கள் முற்றத்துக்குள் வந்தார். அடுப்பை நிறுத்தினேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அவள் அழாதபடி என் விரலை அவள் வாயில் வைத்தேன். சப்பாத்துச் சத்தம் படியேறி எங்கள் மாடியில் நின்றது. பிறகு எதிர்க்கதவு திறந்து மூடும் சத்தம். என் கணவர் வேலையால் வரும்வரை நான் வெளியே வரவில்லை.

அவர் முதலில் சிரித்தார். “அது பஸ் ஓட்டுற மனுசன். இஞ்சை சனம் லீவு நாளிலை போய் ஆமிப் பயிற்சி எடுக்கிறது. துவக்கை அரசாங்கமே குடுக்கும், வீட்டிலை வைச்சிருக்கலாம்” என்றார். என் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அதன்பிறகு கதவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசைக் கதிரையை வைத்துவிட்டுத்தான் படுத்தேன். நித்திரை வரவில்லை. கடைசியில் ஒருநாள் உங்கள் மணியை அடித்தேன். மொழிப் பாடசாலையில் படித்த டேனிஷில், எனக்குப் பிள்ளை இருக்கிறது, உங்களிடம் துவக்கு இருக்கிறது, நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டு மட்டும் என்று சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. சட்டம் சொல்லவுமில்லை. உள்ளே போனீர்கள். இரும்பு கழலும் சத்தம் கேட்டது. மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்பு.

“இது இல்லாமல் அது சுடாது. நீ வைத்திரு. பயிற்சிக்குப் போகும்போது வந்து கேட்கிறேன்.”

என் கணவருக்கு வியர்த்துவிட்டது. “உனக்கென்ன விசரே? அகதியாய் வந்திருந்துகொண்டு துவக்குச் சாமானை வீட்டிலை வைச்சிருக்கிறதோ? பிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.” நான் அதை அரிசி வாளிக்குள் புதைத்தேன். அன்றைக்கு நித்திரை கொண்டேன்.

பிறகு சில ஞாயிறுகளில் நீங்கள் சீருடையோடு வந்து, கால்மிதிக்கு வெளியே நிற்பீர்கள். அரிசித் தூளைத் துடைத்துத் தருவேன். பின்னேரம் திருப்பித் தர வருவீர்கள். தேத்தண்ணியில் இனிப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டு, முழுவதையும் குடிப்பீர்கள். மகள் உங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

மற்றவர்கள் படகைப் பற்றிக் கதைப்பதுபோல நீங்கள் அந்தத் துவக்கைப் பற்றிக் கதைத்தீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது, வால்நட் மரப்பிடி, பழசு. புது ரகத்தை ஏளனமாகத் தகரம் என்பீர்கள். ஆளிவிதை எண்ணெயைத் துணியால் பூசக்கூடாதாம். உள்ளங்கையால் தேய்க்க வேண்டுமாம், கைச்சூட்டில்தான் மரம் குடிக்குமாம். எட்டுத் தோட்டாவும் முடிந்தால் அது அவற்றைப் பிடித்திருந்த வெறும் கவ்வியைத் தானே துப்பிவிடும், அப்போது மணி மாதிரி ஒரு ஓசை வரும் என்று சொல்லும்போது உங்கள் முகம் சின்னப் பிள்ளையின் முகம். ஒரு வெடியின் வாயுவே தண்டைப் பின்னுக்குத் தள்ள, சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும் என்றபோது, நான் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அதை வரைந்து காட்டினேன். நான் பௌதிகம் படித்தவள் என்று உங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இந்த நாட்டில் ஒரு சுருள்வில்லைப் பற்றி என்னோடு கதைத்த ஒரே ஆள் நீங்கள்.

ஊரிலிருந்து போன் வந்த அன்றைக்கும் நீங்கள் அந்தத் துண்டைத் திருப்பித் தர வந்தீர்கள். எங்கள் வீட்டுக்குள் ஆமி வந்து போனதாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களாம். அப்பா மட்டும் அதற்குப் பிறகு கதைக்கிறாரில்லையாம். நான் துண்டை வாங்கவில்லை. முழுத் துவக்கையும் பார்க்க வேண்டும் என்றேன்.

உங்கள் குசினி மேசையில் வைத்துத் துண்டைத் துவக்கோடு பூட்டினீர்கள். உள்ளே தோட்டா இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத் தந்தீர்கள். பிறந்து சில கிழமைகளில் மகள் என்ன பாரம் இருந்தாளோ, அந்தப் பாரம். தோளில் வைத்தேன். கன்னத்தில் மரம் வழுவழுப்பாக, இளஞ்சூடாக இருந்தது. கொழும்பில் கலவரம் நடந்த அந்த ஆடி மாதம், கீழே சனம் கத்திக்கொண்டு படியேறியபோது, அப்பா கதவுக்குப் பின்னால் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை நினைத்தேன்.

“எங்களிடம் இப்படி ஒன்று இருந்திருந்தால்...” என்றேன்.

நீங்கள் சொன்னீர்கள்: “இத்தனை வருடமாய் இது என்னிடம் இருக்கிறது. என் கதவுக்கு ஒருவரும் வந்ததில்லை. அதனால்தான் என் கண்ணுக்கு இது வடிவு.”

கையை நீட்டினீர்கள். நான் உடனே கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

மாசியில், பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்து கண்ணை மூடினீர்களாம். பயணிகள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்தக் கிழமையே உங்கள் பயிற்சிப் படையிலிருந்து சீருடை போட்ட இரண்டு பேர் துவக்கை எடுத்துப்போக உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரி லாச்சிகளை இழுத்து இழுத்துத் தேடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“சத்தம் போடாதை” என்றார் என் கணவர். “போகட்டும். பிறகு கடலுக்குள்ளை எறிவம்.”

அரிசிக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். எறிய எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால், கொடுக்கவும் மனமில்லை. பேசாமல் இருந்தால் அது என்னுடையதாகிவிடும். ஒருவருக்கும் தெரியாது. பாதித் துவக்குத்தான், சுடாதுதான். ஆனால் இத்தனை நாளும் என்னை நித்திரையாக்கியது அதுதானே?

அப்போது மகள் வந்து, என் விரல்களைப் பிரித்து, அந்த இரும்பைப் பார்த்தாள். “ஃபீன்” என்றாள். வடிவு என்பதற்கு, பகலில் அவளைப் பார்க்கும் டேனிஷ் அம்மாவிடம் பழகிய சொல். உங்கள் தொப்பியையும் அவள் அப்படித்தான் சொல்லுவாள். பயம் ஒன்றும் இல்லாத முகம். நீங்கள் பார்த்ததுபோலவே அதைப் பார்த்தாள்.

கதவைத் திறந்து, எதிர்வீட்டு வாசலில் நின்று, இதையா தேடுகிறீர்கள் என்று கேட்டேன். இது உன்னிடம் ஏன் இருக்கிறது என்று மூத்தவர் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் தந்தார் என்றேன். அவர் துண்டை வாங்கிக்கொண்டு, “அவன் அப்படித்தான்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது பழையபடி கதவுக்குப் பின்னால் கதிரை வைக்கிறேன். வலது தோளில் அந்தப் பாரம் அப்படியே இருக்கிறது. ஒரு துவக்கு வேண்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். அது பாதி உண்மை. எனக்கு இனி அது வெறும் மரமும் இரும்பும் ஆகாது. ஆனால் மகள் வளர்ந்து, எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி ஒன்றைக் காண வேண்டும். வடிவாய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியைப் பார்க்கப் போய்விட வேண்டும்.