கேட்காமலே உம் கொட்டியவன்

என் அருமை மரகதம் அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இங்கே இப்போது அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம். ஆபீஸ் வேலை போதாதென்று மிச்சப் பொழுது அதிலேயே போய்விடுகிறது. ரொம்ப அலுத்துவிட்டது, அக்கா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, உறையூரில் உன் வீட்டுக்குத்தான் போகிறேன்.

முன்பும்தான் வந்தேன். வந்து என்ன செய்தேன்? உன் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வேன். நீ எதிரே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதிலிருந்து குழாயடிச் சண்டை வரைக்கும் சொல்லுவாய். நான் தலை நிமிராமல் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். காது கொடுத்துக் கேட்கத் தம்பி இருக்கிறான் என்று உனக்குப் பெருமை வேறு.

பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வயிற்றில் கட்டி முற்றிவிட்டது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். ஏனக்கா என்னிடம் சொல்லவில்லை என்று நான் உன்னைக் கேட்டேன். நீ கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

"சொன்னேன்டா தம்பி. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறியான்னு கேட்டேன், நீ உம்னு சொன்னே. புடவை மாத்திக்கிட்டு மத்தியானம் வரைக்கும் இருந்தேன். ஆபீஸ்ல லீவு கிடைக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அன்று பேப்பரில் அப்படி என்னதான் படித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வரிகூட நினைவில்லை. நீ ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை?

இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் வலியை மறைத்துவிட்டாள் என்று, வருகிறவர்களிடமெல்லாம் அவர் உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இனி வீட்டுக்கே வரவேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம்.

போன வாரம் தாங்க முடியவில்லை. நெய்துகொண்டிருந்த அத்தானிடம் தறியை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுந்து போ என்பார் என்று செருப்பைக்கூடக் கண்ணால் தேடிக்கொண்டேன். அவர் தறியிலிருந்து இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எங்கிட்டயும் சொன்னா, மாப்ளே. தறியில இருக்கிற இந்தப் பாவு முடியட்டும், பாக்கலாம்னேன்."

அதற்கப்புறம் அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எங்களிடம் பேசியதையெல்லாம் இரண்டு பேருமாக நினைவுபடுத்திப் பார்த்தோம். அத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசினாயே, அக்கா. எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்துக் கொஞ்சம்தான் இருந்தது.

வருகிற ஞாயிறும் போவேன். அலுப்பில்லாமல் போவேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அத்தான் பேசினால் கேட்பேன். எங்கேயாவது கவனம் போய்விட்டால், நான் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் அத்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

உன் உடன்பிறந்த தம்பி,
நடராசன்