சுவருக்குள் இருந்த பஞ்சு

கடற்கரைச் சாலை, அபரைரன்
9 பிப்ரவரி 2015

அன்புள்ள கைன்வென் அக்காவுக்கு,

இங்கே நலம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? கார்டிஃபில் உன் மகன் இவோர் வீட்டில் ஈரமில்லாத அறையில் தூங்குகிறாய் என்பதில் எனக்கு ஆறுதல். என்னை விட்டுப் போனாயே என்ற கோபமும் இல்லாமல் இல்லை. போனில் உனக்கு ஒன்றும் காதில் விழாது, நான் கத்தினால் தெருவே கூடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மேற்குச் சுவரில் கரும்பூஞ்சை அலமாரி உயரத்துக்கு ஏறிவிட்டது. முந்தாநாள் சுவர் வேலை செய்கிற ஹியூ என்று ஒருவர் வந்து, வெளியே ஒரு செங்கலைப் பெயர்த்துப் பார்த்தார். நம்முடையது இரட்டைச் சுவர் அல்லவா? குளிரைத் தடுக்கிறோம் என்று நடுவே இருந்த இடைவெளியில் பஞ்சை ஊதி அடைத்தார்களே, அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

"கடலைப் பாத்த சுவத்துக்குள்ள இதை யாரும்மா போடச் சொன்னது? சும்மா விட்டிருந்தா மழை வெளிச்சுவரோட நின்னிருக்கும். இந்தப் பஞ்சு அதைக் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்திருச்சு" என்றார்.

யார் சொன்னது! பஞ்சு விற்க வந்தவன் வாசலில் நின்று நம் வெல்ஷ் மொழியில் "சௌக்கியமா அத்தை? சேப்பல்ல பாட்டெல்லாம் நடக்குதா?" என்று கேட்டான். நாம் இருவரும் உருகிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டு விரட்டியிருப்போம்.

உன் வீடும் என் வீடும் ஒட்டிப் பிறந்தவை. என் பாதியை மட்டும் காலி செய்தால் உன் பாதியின் ஈரப் பஞ்சு என் பக்கம் சரிந்துவிடுமாம். பஞ்சு போட்டபோது கொடுத்த உத்தரவாதம் இருப்பதால் நமக்குச் செலவில்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை,
நெரிஸ்


கார்டிஃப்
17 பிப்ரவரி

அன்புத் தங்கச்சி,

வேண்டாம், விட்டுவிடு. இவோர் வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டான். பர்மிங்ஹாம்காரர், கோடையில் வாரக்கடைசிகளுக்கு வந்து தங்க வாங்குகிறார். நான் அங்கே இருந்தபோதே அவர் அனுப்பிய ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு இவோரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வீட்டுல ஒரு குறையும் இல்ல சார். வயசானவங்க ஜன்னலைத் திறக்க மாட்டேங்கறாங்க. நாள் பூரா கெட்டில் கொதிக்குது, ஹீட்டர் மேல துணி காயுது. அந்த ஆவிதான் எல்லாம்."

என் எதிரிலேயே சொன்னார். என் மகன் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏமிர் ஆசையாக வாங்கிக் கொடுத்த வீட்டை நானே மூச்சுவிட்டு அழுக வைத்துவிட்டேன். அங்கே திரும்பினால் என் நெஞ்சு தாங்காது என்று டாக்டரும் சொல்கிறார். புதியவர் வந்ததும் அவரிடம் கேட்டுக்கொள்.

கைன்வென்


அபரைரன்
20 பிப்ரவரி

அக்கா,

அடி அசடே! உன் ஒருத்தி மூச்சில் அவ்வளவு தண்ணீர் வருமென்றால் ஊருக்கே குழாய் போட்டுக் கொடுத்திருக்கலாமே.

உன் கடிதம் வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நீ போன நவம்பரிலிருந்து உன் படுக்கையறை பூட்டித்தான் கிடக்கிறது. கெட்டில் இல்லை, துணி இல்லை, மனுஷ வாடையே இல்லை. ஆனால் நீ இருந்தபோது ஜன்னல் ஓரத்தில் இருந்த பூஞ்சை இப்போது கூரையைத் தொட்டுவிட்டது. சுவர்க்காகிதம் உரிந்து கட்டில் மேல் கிடக்கிறது. அந்த அறையில் யார் மூச்சுவிட்டார்கள்? பேயா? இதை உன் பிள்ளையிடம் கேள்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் கரண்டியால் நடுச்சுவரைத் தட்டுவேன், நீ திருப்பித் தட்டுவாய். சரி, அக்கா எழுந்துவிட்டாள் என்று அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போதும் கை தானாகக் கரண்டிக்குப் போகிறது. வாரக்கடைசிக்காரர் வந்தால் நான் யாரைத் தட்டுவேன்? நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

நெரிஸ்


கார்டிஃப்
1 மார்ச்

நெரிஸ்,

உன் கடிதத்தை இவோருக்கு வாசித்துக் காட்டினேன். "பூட்டின ரூம்லயா?" என்றான். பிறகு சட்டையில் குத்தியிருந்த, வெங்காயத்தாள் மாதிரியான லீக் தண்டைத் திருகிக்கொண்டே நின்றான். இன்று நம் வேல்ஸின் புனித டேவிட் நாள், பேத்தி சேப்பலில் பாடியதற்குக் குத்திக்கொண்டு போனது. "அந்தாளு பேசினப்போ நான் கேட்டுட்டு நின்னேனேம்மா" என்றான். அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

விற்பனையைத் தள்ளி வைத்திருக்கிறோம். கோடை முடிவதற்குள் சுவர் காய்ந்தால் வருவேன். காயாவிட்டால் விற்றுவிடுவேன், நீ குறுக்கே நிற்கக்கூடாது.

பஞ்சு எடுக்க எனக்குச் சம்மதம்.

கைன்வென்


அபரைரன்
14 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

பஞ்சு எடுத்தாயிற்று என்று மட்டும்தான் மே மாதம் எழுதினேன். மேலே துளையில் காற்றை ஊதினார்கள், கீழே செங்கல் எடுத்த இடத்தில் குழாயை வைத்து உறிஞ்சினார்கள். மூட்டை மூட்டையாகச் சாம்பல் நிறச் சேறு வந்தது. நம் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹியூவுக்குப் 'பஞ்சு ஹியூ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இனி அவர் செத்தாலும் கல்லறையில் அதுதான் இருக்கும்.

அப்போது சுவர் காயும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கோடையில் எந்தச் சுவரும் காயும், முதல் புயலைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அந்தப் புயல் வந்தது. கடல் தெருவுக்கே வந்துவிட்டது போல மேற்குக் காற்று மழையை வாரி அடித்தது. நான் உன் அறையில் உட்கார்ந்து சுவரையே பார்த்திருந்தேன். விடிந்ததும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை அக்கா! காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு வா.

நெரிஸ்


பக்கத்து வீடு
ஞாயிறு காலை

நெரிஸ்,

தபால்தலை இல்லாமல் உன் கதவுத் துளையில் இதைப் போடுகிறேன். போனில் எனக்குக் காது கேட்காது என்பது உண்மைதான். ஆனால் நீ கரண்டியால் இடிக்கிற இடி கட்டில் வழியாக என் எலும்பில் கேட்கிறது. ராத்திரி ஒரு முறைகூட இருமவில்லை. திருப்பித் தட்டவில்லையே என்று பயந்து சாவியோடு ஓடி வராதே. இன்னும் கொஞ்சம் தூங்கப் போகிறேன்.

சேப்பலில் எனக்கும் சேர்த்துப் பாடிவிட்டு டீக்கு வா. கெட்டிலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொதிக்க விடலாம்.

அக்கா