லைனில் இருக்கிறாரா?

அக்கா,

மருத்துவமனையில் உன் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இதை எழுதுகிறேன். மாமா கண் திறந்தாரா?

கல்யாணத்துக்கு முன்பு பஸ் ஸ்டாப்பில் மாமா உனக்கு லைன் போட்டதைச் சொல்லிக் கேலி செய்வேன். "லைன்மேன் வேற என்னத்தடி போடுவான்?" என்பாய். அந்தச் சொல்லுக்கு இனி நான் சிரிக்க மாட்டேன்.

நேற்று மதியம் துணைமின் நிலையத்தில், போன் மேசையில் நான்தான் இருந்தேன். மாமா கம்பத்தின் மேலிருந்து கூப்பிட்டார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்மா, ஆபரேட்டர்கிட்ட சொல்லிடு" என்றுவிட்டு வைத்தார்.

நான் எழுவதற்குள் ஆபரேட்டர் உள்ளறையிலிருந்து கத்தினார். "உங்க மாமா லைன்ல இருக்காரா?"

போனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "லைன்ல இல்ல சார்" என்றேன். பத்து நிமிடம் ஆகும் என்று சொல்லத்தான் கதவுவரை போனேன். அதற்குள் கரண்டு விடும் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது.

மாமாவின் செல்லுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

இன்று காலை நீ போனில் அழுதாய். "எவனோ அவரு கீழ இறங்கிட்டாருன்னு சொல்லிருக்கான்டி. அவன் உருப்படுவானா? அவன் கையில கரண்டு பாயாதா?" பிறகு, "ஏய், லைன்ல இருக்கியா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

நாளை விசாரணையில் எல்லோரும் கேட்கப்போகிறார்கள். அதற்கு முன் நீ என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இருந்தேன், அக்கா. நீ சபித்து முடிக்கும்வரை லைனில்தான் இருந்தேன். அந்த எவனோ நான்தான்.

உன் தங்கை