துரையின் சட்டைப் பையில் ரோட்டர்

1994 ஐப்பசி, செவ்வாய்.

தேயிலைத் தோட்டத்து ஜீப்புக்கு நான்தான் டிரைவர். சாவியும் என்னிடம்தான். காலையில் தங்கைக்கு வலி கண்டதும் அவள் புருஷன் ஓடி வந்தான். "ஜீப்ப எடுங்க மச்சான்!"

எதை எடுப்பது? நான் களவாக வாடகைக்கு ஹயர் ஓடுகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சந்தேகம். அவர் காரில் வெளியே போகும்போதெல்லாம் ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். இன்றும் அப்படித்தான். பாயிண்ட் திறந்து கொயிலில் கரண்ட் எழுந்தாலும், அந்தச் சின்னத் துண்டு சுற்றிக் கொடுக்காமல் ஒரு பிளக்கிலும் நெருப்பு வராது.

தங்கையைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு, வண்டி பிடிக்கத் தெமோதரை ரோட்டுக்கு நடந்தோம். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. அழவேயில்லை.

சாயந்தரம் துரை ரோட்டரை நீட்டினார். "பண்டாரவளைக்குப் போய் கேக் எடுத்துட்டு வா."

மாட்டினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.