அக்காவின் பழைய கணினி

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் மடிக்கணினி இன்று காலை எழவில்லை. சில நாட்களாகவே உள்ளே ஏதோ டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்தச் சத்தமும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்காக விரலடியில் வைத்திருக்கும் பொத்தானைக் கட்டைவிரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது.

பணிமனைக்குத் தாமதம். அடுத்த மாதத்துப் பேருந்து அட்டவணையில் இரண்டு வண்டிகளை ஒரே ஓட்டுநருக்குப் போட்டுவிட்டேன். நல்லவேளை, வெளியே போவதற்குள் கண்ணில் பட்டது.

மார்ச் 6, வியாழன்

கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். புதியது போட்டு, இப்போது எல்லாரும் வைத்திருக்கும் புது இயங்குதளத்தையும் ஏற்றிக் கொடுத்தார். கணினி எழுந்தது. அக்காவைப் பேசவைக்கும் மென்பொருள்தான் எழவில்லை. குறுந்தகட்டைத் தேடி எடுத்துப் போனதெல்லாம் வீண். அது பழைய இயங்குதளத்தில்தான் ஓடுமாம். அதைச் செய்த நிறுவனம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது.

"அப்ப பழசையே ஏத்திக் குடுங்களேன்" என்றேன். "அதெல்லாம் இப்ப நாங்க தொடுறதில்லைங்க. பாதுகாப்பு கிடையாது. நாளைக்கு ஏதாவதுன்னா என்னைத்தான் கேப்பீங்க" என்றார். அவர் சொல்வதிலும் தவறில்லை.

அந்த மென்பொருள் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது அக்கா கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவாள். பிறகு அந்த வரிசையில் வேண்டிய எழுத்து ஒளிரும்போது மறுபடி அழுத்துவாள். முடிந்ததும் தகர டப்பாக் குரலில் அது படிக்கும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிப்போகும். ஆனால் அது அவள் வாக்கியம். நீச்சல் சொல்லிக்கொடுத்த நாட்களில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும்படி பிள்ளைகளை அதட்டியவளுக்கு, தசை நோயில் தொண்டையும் கைகாலும் போன பிறகு மிஞ்சியது அந்த ஒரு விரல்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் அனுப்பிய புதுக் கணினி வந்தது. கண் போகும் இடத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளுமாம். அக்காவின் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, நோய் அங்கேயும் தொட்டிருக்கிறது. 'முகம் தெரியவில்லை, சற்று அருகில் வரவும்' என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் எப்படி அருகில் வருவாள்?

நிறுத்திவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தொட வேண்டும், அக்கா கண் மூடினால் அந்த எழுத்து. 'த' வந்ததும் "தண்ணியா?" என்றாள் அம்மா. இல்லை. "தலை வலிக்குதா? தலகாணியா?" இல்லை, இல்லை. அம்மாவுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். பயம். மகள் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்ற பயம். அக்கா கடைசியில் முகட்டைப் பார்த்தபடி இருந்துவிட்டாள். அட்டை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

மாலையில் டிவி தொடரைப் போட்டுவிட்டாள் அம்மா. "பாரு, கண்ணு எடுக்காம பாக்குறா" என்று அவளுக்கு ஒரு சந்தோஷம்.

மார்ச் 12, புதன்

நுரையீரல் மருத்துவர் வந்தார். மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டே வருகின்றன. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் சில வருடங்கள் இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக்கணக்குதான். முடிவு அவளுடையது என்று சொல்லி, கேட்டுச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கேட்டுச் சொல்வதா. எதை வைத்துக் கேட்பது.

மார்ச் 15, சனி

அண்ணன் வந்தான். எனக்கு மூத்தவன், அக்காவுக்குத் தம்பி. வந்ததும் வராததுமாகக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போட்டுக்கலாம் இல்ல? நாங்க எல்லாரும் இருக்கோம் இல்ல?" என்றான். அவள் கண்ணை மூடினாள். நீளமாக மூடினாள். நீளமாக மூடினால் ஆமாம் என்று வீட்டில் பேச்சு.

"சரின்னுட்டா" என்று எழுந்தான் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மாவும் அழுதாள். 24ஆம் தேதி குழாய் வைப்பது என்று மருத்துவமனையில் பேசி முடிவாகிவிட்டது.

அவள் ஆமாம் என்றுதான் மூடினாளா? அழுகையை அடக்க மூடினாளா? இவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடினாளா? வேண்டாம் என்று சொல்லக் கேள்வியில் எங்கே இடம் இருந்தது? நான் அங்கேயேதான் நின்றேன். மறுபடி கேட்டாலும் கிடைக்கப்போவது இன்னொரு கண் மூடல்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய இயங்குதளத்தின் குறுந்தகடு பரண் பெட்டியில் கிடைத்தது. மடிக்கணினியில் குறுந்தகடு போடும் தட்டுதான் திறப்பதே இல்லை. சரி, பென்டிரைவில் போடலாம் என்று பக்கத்து வீட்டுக் கணினியில் கோப்புகளையெல்லாம் அதில் நகலெடுத்து வந்து செருகினேன். துவக்குவதற்கு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. திரும்பச் செருகினேன். அதே வரி. திட்டினேன். திட்டினால் கணினி கேட்குமா?

மார்ச் 18, செவ்வாய்

பணிமனையின் கணினிப் பிரிவுக்காரரிடம் போய் நின்றேன். தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்குவதால் அவருக்கு 'கேபிள்' என்று பெயர். அவருக்கே தெரியும். சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"வெறுமனே காப்பி பண்ணா எப்படி மேடம் எந்திரிக்கும்? அரிசியைத் தட்டுல கொட்டி வெச்சுட்டு சோறுன்னா ஆச்சா?"

குறுந்தகட்டை அப்படியே அச்சு எடுத்த மாதிரி ஒரே கோப்பாக மாற்ற வேண்டும். பிறகு அதற்கென்றே இருக்கும் சின்ன மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும். அப்போதுதான் கணினி எழும்போதே அதிலிருந்து எழும். குறுந்தகட்டில் கீறல். முதல் தடவை பாதியில் நின்றது. மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை போட்டார். முடிந்தது. "யாருக்கு இது?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருகினால், பென்டிரைவ் இருப்பதையே கணினி கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 19, புதன்

அண்ணன் தொலைபேசியில்: "அவதான் சரின்னுட்டாளே. இப்ப எதுக்கு அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழுற?"

சரி என்றுதான் சொன்னாளா என்று கேட்டேன். "உனக்கு அவ போகணுமா?" என்றான்.

வைத்துவிட்டேன். எனக்கு அவ போகணுமாவாம். என்ன பேச்சு இது.

ஆனால் இங்கே, என்னிடம் நானே பேசும் இடத்தில், சொல்லிவிடலாம். எனக்கும் பயம்தான். கணினி ஓடினால் அவள் பேசுவாள். பேசினால் என்ன சொல்வாளோ. ஓடாவிட்டால் அந்தக் கண் மூடல் ஆமாமாகவே இருந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

கேபிள் காரணம் கண்டுபிடித்தார். எழுதும்போது வட்டைப் பிரிக்கும் முறையைப் புது விதத்தில் விட்டிருக்கிறார். "பழைய ஆளுகிட்ட புதுப் பாஷையில பேசிட்டோம் மேடம்" என்று பழைய முறைக்கு மாற்றி மறுபடி எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் கணினியை எழுப்பும்போதே விசையை அழுத்திப் பட்டியலை வரவழைத்து, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். நீலத்திரை வந்தது. மொழி கேட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அடுத்த திரையில், தேவையான டிரைவர் என்னும் துணை மென்பொருள் இல்லை, மேற்கொண்டு போக முடியாது என்றது.

கேபிளை அழைத்தேன். எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்றார். நீல நிற ஓட்டை என்றேன். "அது பின்னால வந்த ஓட்டை. இந்தச் சிஸ்டத்துக்கு அதைத் தெரியாது. அந்தப் பக்கம் கறுப்பு இருக்கும் பாருங்க, அதுல மாத்துங்க." மாற்றினேன்.

மேற்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். இத்தனை நாள் தவிப்பும் கடைசியில் ஓர் ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டை.

இதை எக்காரணம் கொண்டும் இணையத்தில் இணைக்காதீர்கள் என்று எச்சரித்தார். இணைக்க மாட்டேன். அக்காவுக்கு உலகத்தோடு பேச வேண்டியதில்லை, எங்களோடு பேசினால் போதும்.

மார்ச் 22, சனி

கேபிள் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்திருந்த மென்பொருளும் காலையில் ஏறியது. பொத்தானை அவள் கட்டைவிரலுக்கடியில் வைத்தேன். எழுத்து வரிசைகள் ஒளிர ஆரம்பித்தன. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அக்கா பழக்கம் விட்டுப்போய் இரண்டு மூன்று தடவை தவறவிட்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. தகரக் குரல் படித்தது:

"அந்த சீரியல் இனி வேண்டாம்."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "நீ பிடிச்சுதான் பாக்குறேன்னு நெனச்சேன்டி" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. டிவி விஷயத்திலேயே இப்படித் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றால்—

கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, கழுத்துல குழாய் போடலாம்னு அவன் கேட்டானே. நீ ஆமாம்னா சொன்ன?"

வரிசைகள் ஒளிர ஒளிர அவள் விரல் அசைந்தது.

"இல்லை."

மார்ச் 23, ஞாயிறு

நேற்றிரவு விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் முதல் வண்டியிலேயே வந்துவிட்டான். நேராகப் போய் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டான். "ஏன்க்கா?" என்றான். நானும் அம்மாவும் வாசலிலேயே நின்றோம்.

காலை முழுவதும் எழுதினாள். நடுவில் களைத்துக் கண் மூடினாள். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. அம்மா ஒரு தடவை வார்த்தையை முடிக்கப் போனாள். அண்ணனே கையை உயர்த்தி நிறுத்தினான். தகரக் குரலில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

"குழாய் போட்டால் உயிர் இருக்கும். விரல் இருக்காது. பிறகு கண்ணும் போகும். உள்ளே நான் மட்டும் இருப்பேன். நீங்கள் சீரியல் போடுவீர்கள். வேண்டாம் என்று சொல்ல வழி இருக்காது."

அண்ணன் குனிந்துகொண்டான். "எங்களுக்காகன்னா?" என்றான், சின்னப் பையன் மாதிரி.

"உங்களுக்காகத்தான் இவ்வளவு நாள்."

அவன் எழுந்தான். கொல்லைப்பக்கம் போய் நின்றான். நான் தண்ணீர் கொண்டு போனேன். "நீ இதை ஓட வெக்காம இருந்திருக்கலாம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "இருந்திருக்கலாம்" என்றேன். தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

மார்ச் 24, திங்கள்

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அவரே கேட்டார், அக்காவே பதில் சொன்னாள். மறுபடியும் வேறு மாதிரி கேட்டார். அதே பதில். மூச்சு முட்டினால் வேதனை தெரியாமல் இருக்க மருந்து உண்டு, அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அக்கா நன்றி எழுதிவிட்டு, அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதையும் எழுதினாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிறையப் பேசுகிறாள். நோய் வந்த இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. அம்மாவின் குழம்பைக் குறை சொல்கிறாள், தன்னால் சாப்பிடவே முடியாத குழம்பை, வாசனையை வைத்து.

மே 18, ஞாயிறு

அண்ணன் வாராவாரம் வருகிறான். கட்டிலருகே உட்கார்ந்து தன் அலுவலகக் கதையெல்லாம் சொல்கிறான். குழாயைப் பற்றி மட்டும் பேச்சே எடுப்பதில்லை. மனம் மாறினானா, அடங்கினானா, தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விரல் சோர்கிறது. ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதி நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் அக்காவுக்குச் சளி பிடித்தது. 28ஆம் தேதி, சனிக்கிழமை பகலில் மூச்சு எட்டவில்லை. உதடு நீலமானது. அவளுடைய மருத்துவர் வெளியூரில். அம்மா பயந்துபோய் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள். நல்லவேளை, அண்ணன் அன்றைக்கு இங்கே இருந்தான். மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் எங்களை முன்பின் அறியாதவர். உடனே குழாய் போட்டால் காப்பாற்றிவிடலாம், சொல்லுங்கள், நேரமில்லை என்றார். கையில் உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் குரல் வரவில்லை. கட்டிலில் அவள் நெஞ்சு அப்படித் துடிக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்கிறார் ஒருவர். எப்படி வரும்?

அண்ணன் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"வேண்டாங்க. எங்கக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கா. எங்கிட்டயே சொன்னா, ஒவ்வொரு எழுத்தா. மூச்சு முட்டுறது தெரியாம இருக்க என்ன குடுக்கணுமோ, அதைக் குடுங்க."

டாக்டர் அவனையும் என்னையும் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவளுடைய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசிவிட்டு உறையைக் கழற்றினார். மருந்து கொடுத்தார்கள். நெஞ்சின் துடிப்பு மெல்ல அடங்கியது. அக்கா கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து அவள் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டான். அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிட்டது.

இன்று காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டு, "அவ கேட்டதைத்தானே செஞ்சோம்?" என்றாள்.

"ஆமாம்மா."

"நாமளா எதுவும் நெனச்சுக்கலையே?"

"இல்லம்மா. அவளே சொன்னதுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

அண்ணன் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. அக்காவின் அறையில் வெறுந்தரையில் படுத்துத் தூங்குகிறான். எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.