மாடிப்படி வரைக்கும்

திருப்பரங்குன்றம்
9-7-85

அன்புள்ள மகன் மருதுவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். இங்கே மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான்.

உன் கடிதம் வந்தது. ஆடியில் லீவு போட்டு வந்து, பஞ்சாயத்தைக் கூட்டி ராக்கம்மாளை மாப்பிள்ளை சுருளியிடமிருந்து அத்து விட்டுவிடலாம், அவன் காலை உடைப்பேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அவளுடைய தையல் மெஷினை மாப்பிள்ளை விற்றுக் குடித்ததும், உன் தங்கை தை மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்ததும்தான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. உறுதியாகத் தெரிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன். இப்போதும் உறுதி இல்லை, ஆனாலும் நீ கிளம்புவதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் வந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை மஞ்சள் காமாலை கண்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். நான் கஞ்சி கொண்டு போவேன். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒருவர், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரப்பாளையத்தில் ஒரு மாடியில் கூடிப் பேசுகிறார்கள், கட்டணம் கிடையாது, பேர் ஊர் வெளியே போகாது என்றார். அதைத் தேடிப் போனேன். போர்டு எதுவும் இல்லை. லாட்ஜில் கேட்டால் சீட்டாட்டமா என்றார்கள். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, "அண்ணே, குடிக்கிற கூட்டம்னா தெருவுக்கு ஒண்ணு காட்டுவேன், குடிக்காத கூட்டத்தை எங்கிட்டுப் போய்த் தேட" என்றார். இரண்டாவது தடவை போனபோதுதான் சைக்கிள் கடைக்கு மேலே என்று தெரிந்தது. கதவைத் திறந்தவர் பேரை எழுதக் கூடாது, பேங்க் ஆபீசர், நெற்றி நிறைய விபூதி. இவருக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். குடிக்கிறது நீங்களா என்று கேட்டார். மருமகன் என்றேன். "அப்போ அவரேதான் வரணும். இழுத்துண்டு வராதீங்கோ, எடத்தை மட்டும் சொல்லிட்டு விட்டுடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனாலும் பழங்காநத்தம் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையிடம் இடத்தைச் சொன்னேன். "நான் என்ன குடிகாரனா மாமா" என்று கேட்டார், அப்போதே வாடை அடித்தது. இடத்தை இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பங்குனியில் அவருக்கு லேத்துப் பட்டறை வேலையில் கை நடுங்கி இரண்டு விரல் நுனி போயிற்று. முதலாளி இனி வர வேண்டாம் என்றுவிட்டார். கையில் கட்டோடு மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. ராக்கம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. "மாமா, அந்த மாடிப்படி வரைக்கும் கூட வாங்க, மேல நானே ஏறிக்கிருவேன்" என்றார். போனேன். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார், நான் சைக்கிள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகைதான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பேசியது இவ்வளவுதான், "அந்த ஆபீசரு சாக்கடையில கெடந்தவராம் மாமா. அம்புட்டுப் பேரு முன்னாடி கூசாமச் சொல்றாரு. என்னைய ஒட்டி ஒக்கார வச்சுக்கிட்டாரு."

உடனே திருந்திவிட்டார் என்று நினைக்காதே. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மறுபடி குடித்து விழுந்தார். அடுத்த வாரம் மேலே போய் அவராகவே அதைச் சொல்லியிருக்கிறார். விரட்டிவிடுவார்கள் என்று பார்த்தேன், டீ கொடுத்து, திரும்பி வந்ததே பெரிது என்றார்களாம். அதற்குப் பிறகு தொடவில்லை என்கிறார். நானும் மோந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது அந்த சைக்கிள் கடையிலேயே பஞ்சர் ஒட்டுகிறார்.

ராக்கம்மாளைத் திரும்பிப் போகச் சொல்லி நான் சொல்லவில்லை. உன் அம்மா ஜாடையாக ஆரம்பித்ததற்கு, "அவரு குடிய விடுறது அவரு பாடு. நான் போறதும் போகாததும் எம்பாடு. ரெண்டையும் முடிச்சுப் போடாதீக" என்றாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அதனால் நீ வரும்போது பஞ்சாயத்துப் பேச்சு, காலை உடைக்கிற பேச்சு எதுவும் வேண்டாம்.

மாப்பிள்ளை உன் விலாசம் கேட்டார், கொடுத்திருக்கிறேன். அவர் கடிதம் வந்தால் கிழிக்காமல் படி, பதில் போடுவது உன் இஷ்டம்.

முந்தாநாள் ஞாயிறு எனக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. வாராவாரம் மாடிப்படி வரைக்கும் நான்தான் அவருக்குத் துணை, அன்று ஆரப்பாளையம் போக முடியவில்லை. துணை இல்லாமல் அவர் போயிருக்க மாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ராக்கம்மாள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கடைக்கு என்று போனவள், விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். அவளாகவே, "சைக்கிள் கடைக்கு எதுத்தாப்புல நின்னு பாத்தேன். நிக்காம ஏறிப் போனாரு" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

உன் நலம் நாடும் அப்பா,
மலைச்சாமி